மோட்டார் ரிப்பேராம், கீழே வாஷிங் மெஷின் ஓடுகிறது

கேள்வி: வக்கீல் மேடத்துக்கு வணக்கம். வில்லிவாக்கத்தில் ஒரு வீட்டின் மாடி போர்ஷனில் ஏழு வருஷமாக வாடகைக்கு இருக்கிறோம். கணவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்க்கிறார். நான் வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறேன். மகள் ப்ளஸ் டூ, மகன் எட்டாவது. வாடகை 11,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000. வந்த புதிதில் 11 மாதத்துக்கு ஒரு அக்ரிமென்ட் போட்டார்கள். அப்புறம் புதுப்பிக்கவே இல்லை. கடைசியாக மூன்று வருஷம் முன்பு வாடகை ஏற்றினார்கள். ஓனர் ஐயா போன வருஷம் தவறிப்போனார். கீழே ஓனர் அம்மா இருக்கிறார். இப்போது பையன்தான் எல்லாம் பார்க்கிறார். 'அடுத்த மாசத்திலிருந்து 16,000 கொடுங்க, இல்லேன்னா 15 நாளில் காலி பண்ணுங்க' என்கிறார். இந்த மாத வாடகையை ஜிபேயில் அனுப்பினேன், திருப்பி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து காலையில் மாடிக்குத் தண்ணீர் வருவதில்லை. கேட்டால் மோட்டார் ரிப்பேர் என்கிறார்கள். கீழே மட்டும் வாஷிங் மெஷின் ஓடுகிறது. மார்ச்சில் மகளுக்குப் பரீட்சை. இவ்வளவு ஏற்ற முடியுமா? 15 நாளில் வெளியே போய்த்தான் ஆக வேண்டுமா? வருஷத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சட்டம் இருப்பதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். உண்மையா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை)

பதில்: முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். பதினாறாவது நாள் காலையில் யாரும் வந்து உங்கள் தையல் மெஷினைத் தெருவில் தூக்கி வைக்க முடியாது. குடியிருப்பவரை வெளியேற்ற வேண்டுமென்றால் வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். காரணத்தை நிரூபித்து உத்தரவு வாங்க வேண்டும். பையன் வாயால் சொன்ன 15 நாள் ஒரு கெடு, அவ்வளவுதான். வக்கீல் நோட்டீஸாகவே வந்தாலும் அது உத்தரவு ஆகாது. அதற்குப் பதில் எழுத வேண்டும், அதைப் பார்த்து மூட்டை கட்டக் கூடாது.

சரி, கெட்ட செய்தியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா சொன்னது ஊர் வழக்கம், சட்டம் இல்லை. தமிழ்நாட்டில் தனியார் வீட்டு வாடகையை இத்தனை சதவீதம்தான் ஏற்றலாம் என்று உச்சவரம்பு எதுவும் இன்றைக்குக் கிடையாது. ஒரு காலத்தில் கதை வேறாக இருந்தது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'நியாய வாடகை' என்று ஒன்று உண்டு. மனையும் கட்டடமும் என்ன மதிப்பு என்று கணக்கிட்டு, அதில் ஆண்டுக்கு 9 சதவீதம் வீட்டுக்கு, 12 சதவீதம் கடைக்கு என்று நீதிமன்றம் நிர்ணயிக்கும். அந்தக் காலத்து வழக்குகள் அப்பன் போட்டு மகன் நடத்தியவை. பாரிமுனைப் பக்கம் ஒரு டிபன் செலவுக்கு மாத வாடகை கொடுத்துக்கொண்டு கடை நடத்தியவர்கள் இருந்தார்கள். வீட்டுக்காரர்களுக்கு வாடகைதாரர் என்றாலே ஒரு பயம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம், அதை மறைத்துப் பயனில்லை. அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு 2017-இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் என்று பெயர். 'வாடகைக் கட்டுப்பாடு' என்ற சொல் பெயரிலிருந்தே போய்விட்டதைக் கவனியுங்கள்.

புதுச் சட்டப்படி வாடகை எவ்வளவு, எப்போது, எவ்வளவு ஏறும் என்பதெல்லாம் நீங்கள் இருவரும் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். அதில் தகராறு வந்தால் வாடகை அதிகாரியிடம் போகலாம். துணை கலெக்டர் அந்தஸ்தில் உள்ள அதிகாரி அவர். அவரும் முதலில் கேட்கப்போவது, 'அக்ரிமென்ட் எங்கே?'

இங்கேதான் உங்கள் வழக்கின் ஓட்டை இருக்கிறது. சென்னையில் பாதி வீடுகளின் ஓட்டையும் இதுதான். 11 மாத ஒப்பந்தம் என்பது ஒரு பழைய சாமர்த்தியம். ஒரு வருஷத்துக்கு மேல் போகும் குத்தகையைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அந்தச் செலவைத் தவிர்க்கவே 11 மாதம். 2019-க்குப் பிறகு அந்தச் சாமர்த்தியம் செல்லாது. எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிந்து பதிவு எண் வாங்க வேண்டும். அதற்கென்று அரசு இணையதளமே இருக்கிறது. வீட்டுக்காரரோ குடியிருப்பவரோ, யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். பெரும்பாலானவர்கள் பதியவில்லை, உங்களைப் போல.

பதியாததால் என்ன ஆகும்? எழுத்து ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாததையே ஒரு காரணமாகக் காட்டி வெளியேற்றக் கோர அந்தச் சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள். யாரால் ஒப்பந்தம் போடாமல் போனது என்ற ஆராய்ச்சியில் நீதிமன்றம் இறங்காமலும் போகலாம். ஆகவே பையன் விவரமான வக்கீலிடம் போனால், கடைசியில் வீடு அவர் கைக்குப் போகத்தான் வாய்ப்பு அதிகம். இதை நான் மறைத்து, 'சட்டம் உங்கள் பக்கம், துணிந்து நில்லுங்கள்' என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆறு மாதம் கழித்து நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

ஆனால் மனுப் போட்டு, நோட்டீஸ் வந்து, பதில் போட்டு, விசாரணை நடந்து, உத்தரவு வரும்வரை நாள் ஆகும். அது பையனுக்கும் தெரியும், இல்லையென்றால் தெரிய வைக்கப்படும். உங்களுக்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டிலேயே ஆயுசுக்கும் இருப்பதா? மகளின் பரீட்சை முடியும்வரை நிம்மதியாக இருந்துவிட்டு, முழு அட்வான்ஸோடு கௌரவமாக வெளியே வருவதா? கடிதத்தைப் படித்தவரை இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அது கிடைக்கக் கூடியது. இனி நான் சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

முதல் வேலை வாடகை. பையன் பணத்தைத் திருப்பி அனுப்பியதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மாத வாடகை பாக்கி நின்றால் அது தனியாக ஒரு வெளியேற்றக் காரணம். நோட்டீஸ் வந்து ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் தப்பலாம் என்றாலும், அந்தப் பள்ளத்தில் ஏன் விழ வேண்டும்? பணம் போனதும் திரும்பி வந்ததும் தெரிகிற ஸ்க்ரீன்ஷாட்டைப் பத்திரமாக வையுங்கள். போன மாதம் வரை எந்தக் கணக்குக்கு வாடகை போனதோ அதே கணக்குக்கு மறுபடியும் 11,000 அனுப்புங்கள். அதுவும் திரும்பினால் தபால் நிலையத்தில் ஓனர் அம்மா பெயருக்கு மணியார்டர். ஒரு மணியார்டரில் அனுப்பும் தொகைக்கு வரம்பு உண்டு, ஆகவே ஒன்றுக்கு மேல் படிவம் எழுத வேண்டியிருக்கும். சலித்துக்கொள்ளாமல் எழுதுங்கள், ரசீதுகளை ஒன்றாகப் பின் பண்ணி வையுங்கள். அதையும் வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடமே வாடகையைக் கட்டச் சட்டத்தில் வழி இருக்கிறது.

இந்த இடத்தில் நிறையப் பேர் ஒரு தப்புச் செய்வார்கள். 'வாங்க மாட்டேன்னா அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க' என்று கோபத்தில் சொல்லிவிடுவார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். அட்வான்ஸ் வேறு, வாடகை வேறு. அன்றைக்கே பாக்கிக் கணக்கு ஆரம்பித்துவிடும்.

அடுத்தது தண்ணீர். தகராறு என்னவாக இருந்தாலும் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம், விசாரணை முடியும் முன்பே திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் 'தண்ணி விட மாட்டேங்கிறாங்க' என்று வாயால் சொல்வதற்கும் காகிதத்தில் காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. மகனின் பழைய நோட்டு ஒன்றை எடுங்கள். தினமும் எழுதுங்கள்: '12-ஆம் தேதி, காலை 6.40, குழாயில் தண்ணீர் இல்லை. கேட்டோம், மோட்டார் ரிப்பேர் என்றார் அம்மா. 7.15, கீழே வாஷிங் மெஷின் ஓடும் சத்தம். கணவர் கார்ப்பரேஷன் பம்பில் நான்கு குடம் அடித்து ஏற்றினார்.' இப்படி. காய்ந்த குழாயையும் மாடியில் இருக்கும் டேங்கின் உள்பக்கத்தையும் போனில் ஒரு வீடியோ எடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அந்த வாஷிங் மெஷின்தான். இந்தச் சின்ன விவரங்கள்தான் மனுவுக்கு உயிர் கொடுக்கும்.

மூன்றாவது, ஒரு கடிதம். சண்டைக் கடிதம் வேண்டாம். ஓனர் அம்மா பெயருக்கு, மரியாதையாக, வெள்ளைத் தாளில் தமிழில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பிலும் பையனுக்கு அனுப்புங்கள், தபாலிலும் ஒப்புகையோடு அனுப்புங்கள். கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்:

'வணக்கம் அம்மா. இந்த மாத வாடகை 11,000 ரூபாயை 3-ஆம் தேதி ஜிபேயில் அனுப்பினேன். அது திரும்பி வந்துவிட்டது. மறுபடியும் அனுப்புகிறேன், பெற்றுக்கொள்ளவும். புது வாடகை பற்றிப் பேசவும், எழுத்தில் அக்ரிமென்ட் போட்டுப் பதிந்துகொள்ளவும் எங்களுக்குச் சம்மதம். ஏழு வருஷம் முன்பு ஐயாவிடம் கொடுத்த 60,000 ரூபாய் அட்வான்ஸ் உங்களிடம் இருக்கிறது. 12-ஆம் தேதியிலிருந்து காலையில் மாடிக்குத் தண்ணீர் வரவில்லை. சரி செய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

இந்த ஐந்தாறு வரிகளுக்குள் நிறைய வேலை நடக்கிறது. வாடகை கொடுக்க நீங்கள் தயார் என்பது பதிவாகிறது. ஒப்பந்தத்துக்கு மறுத்தது நீங்கள் இல்லை என்பதும் பதிவாகிறது. எல்லாவற்றையும்விட, அட்வான்ஸ். பணத்தை வாங்கிய பெரியவர் இப்போது இல்லை. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் சாட்சி அந்தப் பழைய 11 மாத அக்ரிமென்ட் மட்டும்தான் (அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடுங்கள்). இந்தக் கடிதத்துக்குப் பையன் வாட்ஸ்அப்பில் எந்தப் பதில் போட்டாலும், '60,000-ஆ, எங்களுக்குத் தெரியாதே' என்று மட்டும் போடாவிட்டால், அது உங்களுக்கு லாபம். 'அதெல்லாம் காலி பண்ணும்போது தந்துடுவோம்' என்று போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

பதிலுக்கு அவர்கள் ஏதாவது தாள் நீட்டினால் நின்று படியுங்கள். 'இன்ன தேதியில் காலி செய்கிறேன்' என்று எழுதிய தாளிலோ, எழுதாத முத்திரைத் தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். 'அவர் வந்ததும் கேட்டுச் சொல்றேன்' என்ற ஒரு வரி போதும். வீட்டில் ஆம்பளை இல்லாத நேரம் பார்த்துத் தாளோடு வருகிற வழக்கம் இந்த ஊரில் உண்டு. அந்த நேரத்தில் அந்த வரியை நன்றாகவே பயன்படுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று. பையன் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். தனக்கோ குடும்பத்தில் ஒருவருக்கோ குடியிருக்க வீடு வேண்டும் என்பது சட்டத்தில் செல்லுபடியாகும் காரணம். ஆனால் அவர் உங்களிடம் கேட்டது 16,000. நீங்கள் கொடுத்தால் இருக்கலாம் என்கிறார். நாளைக்கு வக்கீல் சொல்லிக் கொடுத்து 'எனக்கே வீடு வேண்டும்' என்று மாற்றினால், இன்றைக்கு அவர் கேட்டதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்க வேண்டும். கேட்டில் 'டு லெட்' போர்டு தொங்கினால் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

சரி, பேரம். ஊர் வழக்கமான 5 சதவீதத்தையே வைத்துக்கொண்டாலும், மூன்று வருஷம் ஏற்றாத 11,000 இன்றைக்கு 12,734 ஆகியிருக்கும். தாராளமாக 10 சதவீதம் போட்டால் 14,641. அவர் கேட்கும் 16,000 ஒரே அடியில் 45 சதவீத ஏற்றம். மூன்று வருஷம் ஏற்றவில்லை என்பது அவர் பக்கத்து நியாயம், அதை ஒத்துக்கொண்டே பேச்சை ஆரம்பியுங்கள். 13,000-இல் தொடங்குங்கள். ஏப்ரல் கடைசி வரை இருக்கிறோம், அதற்குள் வேறு வீடு பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள். ஓனர் அம்மாவிடம் நேராகப் பேசுவது பலன் தரும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏழு வருஷமாக ஒரே படியில் ஏறி இறங்குகிறீர்கள், பெண்ணுக்குப் பரீட்சை என்பது அவருக்குப் புரியாமல் இருக்காது. ஒத்துக்கொண்டால் அதை எழுத்தில் போடுங்கள்: புது வாடகை, காலி செய்யும் தேதி, அன்றைக்கே அட்வான்ஸ் திருப்பித் தருவது. மூன்றும் ஒரே தாளில். நாள் குறைவு என்று விட்டுவிடாமல் அதையும் பதிந்துவிடுங்கள். தாளே இல்லாமல் காலி செய்கிற தேதியை மட்டும் ஒத்துக்கொண்டு வராதீர்கள்.

பேச்சு படியவில்லை, தண்ணீரும் வரவில்லை என்றால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். பதிவு எண் இல்லை என்று அலுவலகத்தில் முகம் சுளிக்கலாம். தனியாகப் போகாமல் ஒரு வக்கீலோடு போங்கள், அதற்குக் காசு வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வக்கீல் உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. போனில் என்றால் 15100. மனு உங்கள் பெயரில் இருக்கட்டும்.

போலீஸ்? வாடகை எவ்வளவு, யார் எப்போது காலி செய்வது என்பதெல்லாம் ஸ்டேஷனில் முடிவாகிற விஷயம் இல்லை. அங்கே யாராவது 'ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிச்சுக்கோங்க, பத்து நாள்ல காலி பண்ணிடுங்க' என்று பஞ்சாயத்து ஆரம்பித்தால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பூட்டை மாற்றினால், சாமானை எடுத்து வெளியே வைத்தால், ஆளைக் கூட்டி வந்து மிரட்டினால் அது வேறு. உடனே புகார் எழுதிக் கொடுத்து மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., வாங்கிக்கொள்ளுங்கள். சட்டப்படி இல்லாமல் வெளியே தள்ளப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுத் திரும்ப உள்ளே போக 1963-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி செய்கிறது. அந்த நிலைமைக்குப் போகாது என்றே நினைக்கிறேன். இருந்தாலும் கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூட ஐடி என்று அந்த முகவரி போட்ட எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உறவுக்காரர் ஒருவர் போனுக்கு அனுப்பி வையுங்கள்.

கரன்ட் பில்லைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வாங்குகிறார்களா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது அதைக் கிளற வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு சண்டை.

கடைசியாகக் காலி செய்கிற நாள். புதுச் சட்டத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான், வேறு மாதிரி எழுதிக்கொண்டிருந்தால் தவிர. பத்து மாத அட்வான்ஸ் கேட்டே பழகிய சென்னையில் இதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. உங்களுடையது ஐந்தரை மாதம், பரவாயில்லை. அட்வான்ஸை வீடு காலியான ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான் சொல்வது, சாவியும் பணமும் ஒரே நேரத்தில் கை மாறட்டும். ஒரு மாத வாடகையை 'வெள்ளையடிக்கிற காசு' என்று பிடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். எழுத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் ஒழிய, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பல்பு மாதிரிச் சில்லறை வேலைகள்தான் உங்கள் தலையில்.

இதை எழுதுகிற நானே, வக்கீலாகப் பதிந்த பிறகு, ஒரு வீட்டைக் காலி செய்யும்போது வெள்ளையடிப்புக் காசைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். சட்டம் பேசியிருக்கலாம். வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது, லோடுமேன்கள் மணி பார்த்துக்கொண்டிருந்தார்கள், அம்மா ஏற்கெனவே சாமி படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார். அதனால்தான் சொல்கிறேன்: இந்தக் கணக்கை லாரி வருவதற்கு ஒரு வாரம் முன்பே பேசி முடித்துவிடுங்கள். சாமான் ஏற்றிய பிறகு ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள், மீட்டர் ரீடிங்கையும் சேர்த்து. சாவியைக் கணவர் கையில் கொடுத்து வையுங்கள், பணம் உங்கள் கணக்கில் ஏறிய சத்தம் போனில் கேட்கும்வரை.